கவட்டைவாலை முதலில் பார்த்தவள்

“இத முதன்முதல்ல பாத்தது யாரு?”

தமயந்தி மேடம் இப்படிக் கேட்டபோது உப்பளத்தில் இருபத்து மூன்று பெண்கள் நின்றோம். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் கை தூக்கியதில்லை. பதில் தெரிந்தாலும் எழுந்து நின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்போடு நின்றதற்கு அது ஒரு காரணம். உப்பின் வெளிச்சத்தில் அம்மாவின் கண் மங்கி, உப்பைக் கூட்டி இழுக்கும் வாருபலகை பிடிக்கத் துணை தேவைப்பட்டது இன்னொரு காரணம். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த எதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் கேட்டார்கள். தூக்கிவிட்டேன்.

எந்த அளம், எந்த ஊர் என்று எழுத மாட்டேன். கடலோரம், உப்பு, வெயில். அது போதும். ஏன் எழுத மாட்டேன் என்பது போகப்போகத் தெரியும்.

கவட்டைவால் என்பது ஒரு பூச்சி. நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், கறுப்பு, பின்புறத்தில் இடுக்கி போல இரண்டு கொடுக்கு. புத்தகத்தில் அதற்குச் செவிப்பூச்சி என்று பெயர். தூங்குகிறவர் காதுக்குள் புகுந்து மூளையைத் தின்னும் என்று ஊர் ஊராக ஒரு பயம் இருந்ததால் வந்த பெயர். அது காதுக்குள் போவதில்லை. மூளையைத் தின்பதுமில்லை. எங்கள் லூர்தம்மா அக்கா அதற்கு ஒரு நிரூபணம் வைத்திருந்தாள். “மூளையத் திங்குறது நெசம்னா, நம்ம கங்காணி காதுல ஒரு குடும்பமே பட்டினி கெடந்து செத்திருக்கணும்.”

அது எங்கள் அளத்தில் இருந்ததற்குக் காரணம் ஓலை. மழைக்கு முன்னால் உப்பு அம்பாரங்களைப் பனையோலை போட்டு மூடுவோம். மழை முடிந்ததும் ஓலையைப் பிரித்து மேட்டோரத்தில் குவிப்போம். அதில் நல்ல ஓலையாகப் பொறுக்கி எங்கள் குடிசைகளுக்குக் கூரை போடுவோம். மிச்சம் அப்படியே கிடக்கும். மத்தியானம் அந்தக் குவியலைச் சுற்றித்தான் உட்கார்ந்து சாப்பிடுவோம். கை கழுவுவது, தூக்குவாளி அலசுவது, உப்பு தின்ற பாதப் புண்ணில் நல்ல தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அந்த ஓலையின் மேல்தான். வேறெங்கும் செய்யக் கூடாது. பாத்தியில் நல்ல தண்ணீர் ஒரு செம்பு விழுந்தால்கூட விளைந்த உப்பு கரையும். கைக்குழந்தைக்காரியானாலும் வாந்தி எடுக்கிறவளானாலும் ஓலைக்கு ஓடி வந்துதான் வாய் கொப்பளிப்பாள். சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது.

சாப்பாட்டு நேரத்தில் நான் பேச மாட்டேன் என்பதால் ஓலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று வருடம் பார்த்தேன். ஆணுக்குக் கொடுக்கு அரிவாள் போல வளைந்திருக்கும், பெண்ணுக்கு நேராக இருக்கும். ஆணின் வயிற்றில் பத்து வளையம், பெண்ணுக்கு எட்டு. மற்ற ஊர்ப் பூச்சிகளுக்கு முதுகில் குட்டை மூடிக்குக் கீழே இறக்கை மடித்து மடித்து வைத்திருக்குமாம்; எங்களுடையதற்கு இறக்கையே இல்லை. தாய் நாற்பது ஐம்பது முட்டை இட்டு அதன் மேலேயே கிடக்கும். ஒவ்வொன்றாக வாயில் எடுத்து நக்கித் திரும்ப வைக்கும். ஒருமுறை ஒரு தாயை மட்டும் எடுத்துத் தள்ளிவைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் முட்டைகளில் வெள்ளைப் பூசணம் பிடித்துவிட்டது. அந்தப் பாவத்தை நான் இன்னும் சுமக்கிறேன். பிறகு அப்படிச் செய்யவில்லை.

நான் கண்டதில் பெரியது இது. நாங்கள் கை கழுவிப் போன பிறகு, தாய்ப்பூச்சி வெளியே வந்து ஓலை நரம்பில் தேங்கிய தண்ணீரில் ஒரு சொட்டை வாயில் பிடிக்கும். சிந்தாமல் கொண்டுபோய் முட்டைகளின் மேல் விடும். நாலு தடவை, ஐந்து தடவை போய்வரும். உப்பு நிலத்தில் அதற்கு வேறு தண்ணீர் ஏது? கடல் தண்ணீரை அது தொடாது. கிண்ணத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நாங்கள் விடுமுறை எடுத்த பொங்கல் நாட்களில் முட்டைகள் சுருங்கிப் போயின. இதையெல்லாம் தேதி போட்டு எழுதி, படம் வரைந்து, கூரை ஓலைக்குள் செருகி வைத்திருந்தேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அரிய உயிர்களைக் கணக்கெடுக்கும் உயிர்ப்பதிவகத்தில் இருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு மாசி மாதக் காலையில் தமயந்தி மேடம் வந்தார். நாற்பது வயது இருக்கும். தோளில் ஒரு பை, பைக்குள் இனங்காணி. அந்தக் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தோம், பார்த்ததில்லை. சோப்பு டப்பா அளவு. எந்த உயிரின் சிறு துணுக்கைப் போட்டாலும் ஒரு நிமிடத்தில் வரிசை, குடும்பம், இனம் எல்லாம் சொல்லிவிடும்.

அவர் நல்லவர். இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். எங்களோடு ஓலையருகே உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மாவின் காலைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தார். கவட்டைவாலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் கை தூக்கியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்னவெல்லாம் தெரியும் என்று மெதுவாகக் கேட்டார். வாய் வரவில்லை. எழுந்து போய் நோட்டுகளை எடுத்து வந்து கொடுத்தேன்.

நாலு நோட்டையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார். படித்துக்கொண்டே எடுத்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, தண்ணீர் சுமக்கிறது என்று நீயே பார்த்தாயா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். பிறகு, எப்படியோ வாய் திறந்து, நாங்கள் கழுவுகிற தண்ணீர்தான் அதற்கு உயிர் என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொள்கிறேன் என்றார். எழுதிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

கருவிக்கு ஒரு துணுக்கு வேண்டும். ஒரு காலைக் கத்தரித்தார். ஆறில் ஒன்றுதான், பிழைத்துக்கொள்ளும் என்றார். இனங்காணி ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பேசியது. வரிசை, தோலிறக்கைப் பூச்சிகள். உலகில் சுமார் இரண்டாயிரம் இனங்கள். இந்த இனம் பட்டியலில் இல்லை.

மேடம் அதன் சொந்தங்களை விளக்கினார். கரப்பானும் வெட்டுக்கிளியும் இதற்குத் தூரத்து உறவு. வௌவால் மேல் ஒட்டி வாழும் ஒரு கூட்டமும் எலி மேல் வாழும் ஒரு கூட்டமும் இதே வரிசையில் உண்டு. அவற்றை எங்கே சேர்ப்பது என்று அறிஞர்கள் நெடுங்காலம் மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் இதற்குள்ளேயே கொண்டுவந்தார்கள்.

“எங்கள மாதிரிதான்,” என்றாள் லூர்தம்மா அக்கா. “இன்னைக்கு ஒரு பட்டியல்ல வைப்பாவ, நாளைக்கு இன்னொண்ணுல வைப்பாவ. வௌவாலுக்கும் சொல்ல மாட்டாவ, எங்களுக்கும் சொல்ல மாட்டாவ.”

மேடம் சிரித்தார். அக்கா அத்தோடு விடவில்லை. தன் நகத்தைக் கடித்துத் துண்டாக்கி நீட்டி, என்னையும் போட்டுப் பாருங்க என்றாள். மேடம் போட்டார். அது பேசியது: மனிதர். மிகப் பரவலாகக் காணப்படும் இனம். பாதுகாப்பு தேவையில்லை.

இருபத்து மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நான்கூடச் சத்தமாகச் சிரித்தேன். அன்றைக்குப் பூராவும் யாராவது வழுக்கி விழுந்தால், “பாதுகாப்பு தேவையில்லட்டி, எந்திரி” என்று கூப்பிட்டுக்கொண்டே வேலை செய்தோம்.

புறப்படும் முன் மேடம் என்னிடம் சட்டத்தைச் சொன்னார். முன்பெல்லாம் ஒரு அரிய உயிரைக் கண்டுபிடித்தால் கோப்பு பத்து வருடம் மேசை மேசையாக நகரும். மூன்று தவளை இனங்கள் கோப்பில் இருந்தபடியே அழிந்துபோயின. அதனால்தான் நீதிமன்றம் மனிதரை இடையில் இருந்து எடுத்துவிட்டது. இனங்காணி கண்டது நேராகப் பதிவேட்டுக்குப் போகும். முப்பது நாளில் பாதுகாப்பு வந்துவிடும். எந்த அதிகாரியும் தாமதிக்க முடியாது, எந்த முதலாளியும் வாங்க முடியாது.

“இதுல ஒன் பேரு இருக்கும், வடிவு,” என்றார். “முதல் பார்வையாளர்னு. இனத்துக்கும் ஒன் பேரையே வெக்கச் சொல்லப் போறேன்.”

அன்று வீடு வரும் வழியில் நான் பூமியில் நடக்கவில்லை. என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றி வாசிக்கச் சொல்லி, முடியாமல் நின்றபோது சிரித்த வகுப்பு முழுவதும் அந்தப் பெயரைப் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டது குற்றமென்றால் குற்றம்தான்.

இருபத்தெட்டாம் நாள் கங்காணி பால்துரை ஒரு காகிதத்தோடு வந்தார். வழக்கமாக அவர் வரப்பின் தலைமாட்டிலிருந்தே கத்துவார். அன்று பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். அளத்தின் கிழக்குப் பகுதி முழுவதும், எங்கள் குடிசை வரிசையோடு சேர்த்து, பாதுகாக்கப்பட்ட இருப்பிடம். மனித நடமாட்டம் இடையூறு. மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும். ஓலைக்குவியலைத் தொடக் கூடாது.

நான் அதைப் பிடுங்கி வாசித்தேன். எப்படி முடிவு செய்தார்கள் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. என் நோட்டில் நான் போட்ட எண்ணிக்கைகளைத்தான் எடுத்திருந்தார்கள். மனிதர் கூடும் மேட்டில் பூச்சி அதிகம், மற்ற இடங்களில் இல்லை. இதுதான் என் கணிப்பும். ஆனால் அதிலிருந்து பதிவேடு கண்டது வேறு: அரிய இனம் முழுவதும் மனித நடமாட்டம் மிகுந்த இடத்திலேயே சிக்கியிருக்கிறது, ஆகவே ஆபத்து மிக அதிகம், ஆகவே மனிதரை உடனே அகற்றுக. மூன்று வருடம் வெயிலில் குனிந்து எண்ணிய எண்களை எடுத்து என் அம்மாவின் தலையில் போட்டிருந்தார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. வெளியேற்றப்படுபவர்கள் என்ற பட்டியல் மட்டும் இருந்தது. பெயர்கள் இல்லை. மனிதர், இருபத்து மூன்று, மிகப் பரவலான இனம்.

மேலே, கொட்டை எழுத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. மனுதாரர்: சுடலைவடிவு, முதல் பார்வையாளர்.

“மனு குடுத்தது நீதானா?” என்று கேட்டார் பால்துரை. எரிச்சலோடு கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஆச்சரியத்தோடு கேட்டார்.

லூர்தம்மா அக்கா எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பவள். அன்று என்னைப் பார்த்துவிட்டு வாருபலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. அம்மா மட்டும் எப்போதும் போல எனக்குச் சோறு போட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் நோட்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு மாவட்ட அலுவலகம் போனேன். தனியாகப் பேருந்து ஏறியது அதுவே முதல் தடவை. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவரிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். எங்களை அனுப்பினால் தண்ணீர் இருக்காது. தண்ணீர் இல்லையென்றால் முட்டை இருக்காது. பூச்சியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எங்களை விட்டுவையுங்கள்.

அவர் பதிவைப் பார்த்துவிட்டு, மனு கொடுத்ததே நீங்கதானேம்மா என்றார். நான் கொடுக்கவில்லை, கை தூக்கினேன், அவ்வளவுதான் என்றேன். திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

“நீங்க வாபஸ் வாங்க முடியாது. பூச்சி வந்து வாங்குனாத்தான் உண்டு,” என்றார். அவர் பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார்.

தண்ணீர் விஷயத்தையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு ஒரு படிவம் உண்டாம். முதலில் பார்த்தேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டுமானால் பட்டம் வேண்டும், குறைந்தது உயிரியலில். நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க என்று கேட்டார். ஒன்பது என்றேன். படிவத்தைத் திரும்ப எடுத்து அடுக்கில் வைத்தார்.

அப்படியென்றால் பார்ப்பதற்கு ஒன்பது போதும். துரத்துவதற்கு என் பெயர் போதும். தடுப்பதற்கு மட்டும் நான் போதாது. இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று அன்றே தோன்றியது. பேருந்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் சொல்லாய் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். தமயந்தி மேடத்தின் எண்ணுக்கு ஏழு தடவை அழைத்தேன். வேறு கடற்கரையில் கணக்கெடுப்பில் இருப்பதாக ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

மாதக் கடைசியில் போனோம். குடிசைகளை இடிக்க இயந்திரம் வந்து நின்றது. ஓலைக்குவியலைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். அதை நாங்கள் தொடவில்லை. ஆனால் கூரை எங்கள் கூரை. ஓலையைப் பிரித்துக் கட்டுக் கட்டாகத் தலையில் ஏற்றிக்கொண்டோம். இருபத்து மூன்று பேரில் பதினொரு பேருக்குத் தெற்கே இன்னொரு அளத்தில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் தீப்பெட்டி ஆபீசுக்கும் மீன் கம்பெனிக்கும் போனார்கள். பொன்னரசி சித்தி எங்கே போனாள் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. அவள் மகளோடுதான் எனக்குக் கொஞ்சம் பேச்சு இருந்தது.

புது அளத்தில் குடிசை போட்டோம். மிஞ்சிய ஓலையை மேட்டோரம் குவித்தோம். மத்தியானம் அதைச் சுற்றி உட்கார்ந்தோம், அதன் மேலேயே கை கழுவினோம். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. உப்பில் வேலை செய்கிறவர்கள் வேறெங்கே கழுவுவார்கள்?

மழை போய்த் தை பிறந்தது. ஒரு நாள் சாப்பிட்டு முடித்து, தனியாக உட்கார்ந்திருந்தேன். நோட்டு எழுதுவதை நிறுத்தியிருந்தேன். கண் மட்டும் பழக்கத்தில் ஓலையில் இருந்தது. நரம்பில் தேங்கிய தண்ணீருக்கு ஒரு கறுப்பு உடல் வந்தது. நேர் கொடுக்கு. எட்டு வளையம். சொட்டை வாயில் பிடித்தது, சிந்தாமல் திரும்பிப் போனது.

கூரையோலையில் வந்திருக்கிறது. எங்கள் தலையில் ஏறி வந்திருக்கிறது. எத்தனை என்று தெரியாது. ஒரு தாய் வந்தாலும் போதும்.

கை தானாக இடுப்பில் பென்சிலைத் தேடியது. பின்னால் அம்மா நின்றாள். அவளுக்குப் பூச்சி தெரிந்திருக்காது, அவ்வளவு பார்வை இல்லை. என் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“இத எழுதிராத, வடிவு.”

நோட்டுகளைப் பற்றி அம்மா பேசியது அதுதான் முதல் தடவை. லூர்தம்மா அக்காவிடம் அம்மாதான் சொன்னாள். அன்று மாலைக்குள் பதினொரு பேருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. விருந்தாளி என்றார்கள். லூர்தம்மா அக்கா பல மாதங்களுக்குப் பிறகு என்னிடம் பேசினாள். “ஏட்டி, ஒன் சொந்தக்காரி வந்துருக்காளாமே. நம்மளத் தொரத்திட்டு நம்ம பின்னாலயே வந்துட்டா பாத்தியா, வெக்கங்கெட்டவ.” சொல்லிவிட்டு, தூக்குவாளியில் மிச்சமிருந்த தண்ணீரை முழுவதுமாக ஓலையில் ஊற்றினாள்.

மூன்று வாரம் கழித்துத் தமயந்தி மேடம் வந்தார். பாத்தி ஓரமாக வரப்பில் நடந்து வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டோம். அதே பை தோளில் இருந்தது. வேலை நிற்கவில்லை, ஆனால் பேச்சு நின்றுவிட்டது. சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. ஓலைக்குப் பக்கத்தில்தான் எல்லோருடைய தூக்குவாளியும் இருந்தது. லூர்தம்மா அக்கா தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்து எதிர் வரப்பில் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக அவள் பின்னால் போனோம்.

மேடம் இளைத்திருந்தார். என்னிடம் மன்னிப்பு கேட்பார் என்று நினைத்தேன். ஒரு காகிதத்தை எடுத்தார். பழைய அளத்துக்குள் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்ததாகச் சொன்னார். நாலாம் மாதம் ஓலை காய்ந்து ஒடிந்தது. மழை முடிந்த பிறகு தாய்ப்பூச்சிகள் முட்டை மேல் கிடந்தபடியே காய்ந்திருந்தன. போன மாதம் ஒன்றுகூட இல்லை.

“தண்ணி இல்லாமத்தான் செத்துப்போச்சு,” என்றேன். குரல் நடுங்கவில்லை. “நா ஒங்ககிட்ட சொன்னேன்.”

“சொன்ன. நானும் எழுதுனேன்.”

“பின்ன?”

“எழுதறதுக்கு எடம் இருந்துச்சு வடிவு. அதப் படிக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. ஆளே வேண்டாம்னு எடுத்துட்டோம்ல.”

“மாசா மாசம் போனிய. ஒரு பாட்டில் தண்ணி ஊத்தியிருக்கலாம்.”

வேலிக்குள் எந்த வெளிப்பொருளும் விழக் கூடாது என்றார். அங்கே போனால் தன்னையே இடையூறு என்றுதான் பதிவேடு எண்ணும் என்றார். ஒரு சொட்டு தண்ணீர் ஊற்றப் பயந்தவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேலை இருந்தது, வீடு இருந்தது, பட்டம் இருந்தது. ஒரு பாட்டில் தண்ணீருக்கு அவை எல்லாம் போதவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவர் நல்லவர் என்பது இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியது.

காகிதம் என்னவென்று கேட்டேன். இனம் அழிந்தது என்று பதிவை மூட வேண்டுமாம். அதற்கு முதல் பார்வையாளரின் கையெழுத்து வேண்டும். வேறெங்கும் அதைப் பார்க்கவில்லை என்று நான் எழுதித் தர வேண்டும். எங்காவது ஒன்று இருந்தாலும் முப்பது நாளில் அந்த இடம் பூட்டப்படும். இல்லையென்றால் பழைய நிலம் திறந்துவிடப்படும்.

“எங்களுக்கா?” என்று கேட்டாள் அம்மா.

ஏற்கெனவே ஒரு கம்பெனி அந்த நிலத்தைக் கேட்டு எழுதிக் கொடுத்திருப்பதாக மேடம் சொன்னார்.

காகிதத்தின் கடைசியில் ஒரு கட்டம். முதல் பார்வையாளர் அதைக் கடைசியாகப் பார்த்தது எப்போது. நான் அன்று காலை பார்த்திருந்தேன். குஞ்சுகள் பொரிந்திருந்தன, பால் போல வெள்ளை, தாயின் வயிற்றுக்கடியில் நெருக்கிக்கொண்டு. என் பெயரைத் தாங்கிய இனத்துக்கு நேராக, போன வருடம் மாசி மாதம் என்று எழுதினேன். சுடலைவடிவு என்று கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தில் ஒரு பொய் எழுதியது அதுவே முதல் தடவை. உண்மை எழுதியதற்கு எங்களுக்குக் கிடைத்ததைப் பார்த்த பிறகு கை கூசவில்லை.

வந்தவரைப் பசியோடு அனுப்பக் கூடாது என்று அம்மா கருவாட்டுக் குழம்பும் சோறும் வைத்தாள். மேடம் மறுக்கவில்லை, ஆனால் பாதிதான் சாப்பிட்டார். எழுந்து, கை கழுவச் செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு சுற்றிப் பார்த்தார். ஓலைக்குவியல் பத்தடி தூரத்தில் இருந்தது. அவர் கால் அந்தப் பக்கம் திரும்பியது.

லூர்தம்மா அக்காவுக்குப் பதறிவிட்டது. “அங்கன வேண்டாம் மேடம். இங்கன, இந்தப் பாத்திலயே கழுவிக்கிடுங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அக்காவுக்கே உறைத்தது. வாயில் கையை வைத்துக்கொண்டாள். உப்பு பூத்து வாருவதற்குத் தயாராக இருந்த வெள்ளைப் பாத்தி. அதில் நல்ல தண்ணீரை ஊற்று என்று உப்பளத்தில் பிறந்தவள் எவளாவது சொல்வாளா? தெரியாத யாராவது கேட்டிருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் மேடம் என் நாலு நோட்டையும் படித்தவர். பாத்தியில் நல்ல தண்ணீர் விழக் கூடாது என்ற சட்டம் முதல் நோட்டின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது.

அவர் பாத்தியைப் பார்த்தார். லூர்தம்மா அக்காவைப் பார்த்தார். எதிர் வரப்பில் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்த மற்ற பெண்களையும் பார்த்தார். பக்கத்தில் நிழலும் ஓலையும் சும்மா கிடந்தன. பிறகு செம்போடு ஓலைக்குவியலுக்கு நடந்தார்.

குனிந்து மெதுவாகக் கை கழுவினார். செம்புத் தண்ணீர் முழுவதும் தீரும்வரை கழுவினார். தீர்ந்த பிறகும் நகரவில்லை. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். வராதே, வெளியே வராதே என்று பூச்சியிடம் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது வந்தது. அதற்கு என்ன தெரியும், தண்ணீர் விழுந்தால் வர வேண்டும் என்று மட்டும்தான் தெரியும். ஓலை நரம்பின் மேல் ஏறி, மேடத்தின் கையிலிருந்து விழுந்த தண்ணீரில் ஒரு சொட்டை வாயில் பிடித்தது. வெயிலில் அந்தச் சொட்டு மின்னியது. அவர் கால் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் கடந்து, ஓலைக்கடியில் போய் மறைந்தது.

அவருடைய பை வாய் திறந்திருந்தது. இனங்காணியின் விளிம்பு வெளியே தெரிந்தது. ஒரு கால் போதும் அதற்கு. ஒரு நிமிடம் போதும். பின்னால் யாரும் அசையவில்லை. அம்மா கண்ணைச் சுருக்கி, தெரியாத திசையில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவர் கையையே பார்த்தேன். கெஞ்சவில்லை. கெஞ்சக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கை பைக்குப் போனது. ஜிப்பைப் பிடித்து இழுத்து மூடியது.

நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். செம்பைக் கவிழ்த்து ஓலையோரம் வைத்தார். ஈரக் கையைச் சேலையில்கூடத் துடைக்காமல் வரப்பில் ஏறி, வந்த வழியே நடந்தார்.